பழைய பானையில் தண்ணீர் ஏன் குளிர்வதில்லை, டீச்சர்?

கேள்வி:

ஐயா, நான் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. படித்தது இயற்பியல். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வேதியியல், உயிரியல் எல்லாம் நான்தான் எடுக்கிறேன். போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் உள்ளுறை வெப்பம் நடத்தும்போது, மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் குளிர்கிறது என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், புதுப் பானையிலதான் தண்ணி சில்லுன்னு இருக்கும், பழசாயிட்டா இருக்காதுன்னு எங்க தாத்தா சொல்வாரு. அது ஏன் டீச்சர்?" என்று கேட்டான். அவன் தாத்தா பானை வனைகிறவர். எனக்கு விடை தெரியவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்தவன்தான். அதன் பிறகு அவன் வாயே திறப்பதில்லை. ராத்திரி படுத்தால் அவன் முகம்தான் வருகிறது.

வேலைக்கு வந்த புதிதில் நான் இப்படி இல்லை. இப்போது பாடக்குறிப்பு, எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, மெல்லக் கற்போர் பட்டியல், மாலைச் சிறப்பு வகுப்பு என்றே பொழுது போகிறது. ஆய்வகத்தைத் திறப்பது செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும். உயிரியல் பாடத்தை முந்தின ராத்திரி நானே படித்துக்கொண்டு போய் நடத்துகிறேன். பிள்ளைகளை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது தேர்வு எழுதிப் போய்விடலாமா? நான் உருப்படியான ஆசிரியைதானா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் பானையைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தத் தாத்தா சொன்னது முழுக்கச் சரி. சூளையில் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத் தண்ணீர் வெளிச்சுவருக்கு வந்து ஆவியாகிறது. உங்கள் புத்தகத்தில் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம், அதாவது தண்ணீர் ஆவியாவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், கிராமுக்கு 2260 ஜூல் என்று இருக்கும். அது 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீருக்கான கணக்கு. நம் ஊர் வெப்பநிலையில் இன்னும் கொஞ்சம் கூடும், சுமார் 2400 ஜூல். இந்த வெப்பத்தில் பெரும்பங்கைப் பானையும் உள்ளே இருக்கும் தண்ணீரும்தான் கொடுக்க வேண்டும். 5 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி இறக்க ஏறக்குறைய 21,000 ஜூல் எடுக்க வேண்டும். வெறும் 50 மில்லி ஆவியானால் 1,20,000 ஜூல் போகிறது. வகுத்துப் பார்த்தால் 5, 6 டிகிரி. நூற்றில் ஒரு பங்கு தண்ணீரைக் காவு கொடுத்து மிச்சத்தைக் குளிரவைத்துக்கொள்கிறது பானை. அளந்து பார்த்தால் இதைவிடக் குறைவாகத்தான் வரும். வெளிக்காற்றின் சூடு சும்மா இருக்காமல் உள்ளே வந்துகொண்டே இருக்குமே.

சரி, பழசானால் என்ன ஆகிறது? ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். அதில் கரைந்திருந்த உப்பு போவதில்லை. உங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லிட்டருக்கு 1 கிராம் உப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பானையிலிருந்து நாளைக்கு 200 மில்லி கசிந்து ஆவியானால் 0.2 கிராம் உப்பு மிஞ்சும். ஒரு வருடத்துக்கு 73 கிராம். கொஞ்சம் கழுவும்போது போகும், கொஞ்சம் வெளியே வெள்ளையாகப் பூத்து நிற்கும், மிச்சம் அந்த நுண்துளைகளிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே பாசி வழுக்கும், வெளியே கைபட்டுப் பட்டு எண்ணெய்ப் பசையும் சேரும். துளை அடைந்தால் கசிவு இல்லை, கசிவு இல்லாவிட்டால் குளிர்ச்சி இல்லை. பூத்துப்போன பானையில் தண்ணீர் குளிராது என்று கிராமத்துப் பாட்டிகள் சொல்வது இதைத்தான்.

இதை நான் எழுதிவிட்டேன் என்று நாளைக்கே வகுப்பில் போய் ஒப்பித்துவிடாதீர்கள். அதற்கு முன் என் கதை ஒன்றைக் கேளுங்கள்.

நான் 1984-ல் வேலையில் சேர்ந்து 2017-ல் ஓய்வு பெற்றவன். வேதியியல்காரன். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றி, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்கும் சோதனை உங்களுக்குத் தெரியும். தீ அணையும், தண்ணீர் தம்ளருக்குள் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பாருங்கள், சரியாக ஐந்தில் ஒரு பங்கு!" என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்துவேன். அதை நடத்தும்போது எனக்கே ஒரு மிதப்பு வரும். பதினோரு வருடம் அப்படியே நடத்தினேன்.

1995-ல் ஒரு பையன் எழுந்தான். "சார், எரியுறப்ப தண்ணி ஏறலையே. அணைஞ்சப்புறம்தான குபுக்குன்னு ஏறுது?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "உட்காருடா, பெரிய விஞ்ஞானி" என்றேன். வகுப்பு சிரித்தது. நீங்கள் சொன்னதைவிட இது மோசம். நீங்கள் அவனைப் பார்த்து வகுப்பைச் சிரிக்கவைக்கவில்லை.

அந்தக் கேள்வி உள்ளே முள்ளாகக் கிடந்தது. எடுத்துப் பார்க்க மூன்று வருடம் ஆனது. ஒரு சனிக்கிழமை, ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது, நானே தட்டையும் தம்ளரையும் எடுத்து வைத்தேன். முதலில் ஒரு மெழுகுவர்த்தி. பையன் சொன்னது சரி. எரியும்வரை தண்ணீர் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது, அணைந்ததும் சரசரவென்று ஏறுகிறது. பிறகு அதே தம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைத்தேன். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. தம்ளர் அதே தம்ளர். உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதே அளவுதான். ஏறுவது ஆக்சிஜன் கணக்கு என்றால் மூன்று வைத்தாலும் அதே உயரத்துக்குத்தானே வர வேண்டும்? நடப்பது வேறு. தீயின் சூட்டில் காற்று விரிகிறது, தம்ளரைக் கவிழ்க்கும்போதே கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. கவனித்தால் விளிம்பில் குமிழி வருவதைக்கூடப் பார்க்கலாம். தீ அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, எரிந்ததில் உண்டான நீராவியும் தண்ணீராகிவிடுகிறது, வெளியே இருக்கும் காற்றழுத்தம் தட்டுத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதும் இல்லை. உள்ளே இருக்கும் காற்றில் 16 சதவீதம் வாக்கில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். தீர்ந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் வந்து நிற்கிறது. நான் பெருமையாகக் காட்டிய ஐந்தில் ஒரு பங்கு வெறும் தற்செயல்.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன், இத்தனை வருடம் தப்பாக நடத்தியிருக்கிறேன் என்று. பிள்ளைகள் அசந்துபோய்விடவில்லை. முதல் பெஞ்சுக்காரன் ஒருவன் கை தூக்கி, "அப்ப பரீட்சையில எதை சார் எழுதுறது?" என்று கேட்டான். அவன் கவலை அவனுக்கு. ஆனால் கேள்வி கேட்டவன் அங்கே இல்லை. பத்தாவதை முடித்தானோ முடிக்கவில்லையோ, போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. விசாரித்ததில் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். அவனிடம் நான் சொல்லவே இல்லை.

உங்களுக்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது. பையன் இன்னும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். பொறாமையாக இருக்கிறது உங்களைப் பார்த்தால்.

என்ன செய்யலாம் என்றால், அடுத்த வெப்பப் பாட வகுப்பில், தனியாகக் கூப்பிட்டு இல்லாமல் எல்லார் முன்னாலும், "அன்னிக்கு நீ கேட்டதுக்கு எனக்கு விடை தெரியலப்பா. அதனாலதான் உட்காரச் சொன்னேன்" என்று சொல்லுங்கள். உட்கார வைத்தது எல்லார் முன்னாலும்தானே. அதற்கு மேல் பெரிய மன்னிப்பு, உருக்கம் எதுவும் வேண்டாம். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையனுக்கு அதெல்லாம் கூச்சம். "உங்க தாத்தா சொன்னது நெசமான்னு அளந்து பாப்போமா? ஒரு புதுப் பானையும், வீட்டுல கெடக்குற பழசு ஒண்ணும் கொண்டாரியா?" என்று கேளுங்கள். பானைக்குக் காசு கொடுத்துவிடுங்கள். தாத்தாவுக்கு அது பிழைப்பு.

இனிச் சோதனை. இதில்தான் கவனம் வேண்டும். புதுசு ஒன்று, பூத்துப்போன பழசு ஒன்று, வெளியே முழுக்க எனாமல் பெயிண்ட் அடித்துக் காயவைத்த புதுசு ஒன்று என்று மூன்று பானை வேண்டும். பெயிண்ட் அடித்ததில் கசிவு வராது, ஒப்பிட அது. மூன்றும் ஒரே அளவாக இருக்கட்டும். புதுப் பானைகளை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த பிறகே எடை பார்க்க ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் பானைச் சுவர் உறிஞ்சும் தண்ணீரையெல்லாம் ஆவியாகிப் போனதாகக் கணக்கில் எழுதிவிடுவார்கள். எடைக்குச் சத்துணவுக்கூடத்துத் தராசை அமைப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கேட்டால் தருவார்கள். காலையில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, பள்ளிக்கூட வெப்பநிலைமானிகளை நம்பக் கூடாது. ஒரே பாத்திரத்தில் நாலைப் போட்டு வைத்துப் பாருங்கள், நாலும் நாலு சொல்லும். ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். எது எவ்வளவு கூடக் காட்டுகிறது என்று பிள்ளைகளையே குறித்துக்கொள்ளச் சொல்லி, கழித்து எழுதச் சொல்லுங்கள். நான் கேட்டால் அந்த ஒரு வேலையே பாதி அறிவியல் என்பேன். கருவியைச் சந்தேகப்படப் பழகிய பிள்ளை மற்றதையும் சந்தேகப்படும்.

காலை மணி அடித்ததும், மதியச் சாப்பாட்டுக்கு, சாயங்காலம் விடும்போது என மூன்று வேளை அளந்தால் போதும். ஐந்து நிமிட வேலை. பாடவேளை எதுவும் செலவாகாது. முறை வைத்து இரண்டிரண்டு பேராகச் செய்யட்டும், ஒரு வாரம் செய்யட்டும். பழைய பானையின் வெள்ளைப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அதில் கார்பனேட் இருக்கிறது. இல்லாவிட்டால் வேறு உப்பு. உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது வேதியியல் பாடமும் ஆகிவிடும். பிறகு அதே பானையை எலுமிச்சைச் சாறு விட்டுத் தென்னை நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி அளக்கலாம். குளிர்ச்சி எவ்வளவு திரும்பிவரும் என்று நான் சொல்லமாட்டேன். அதைத் தெரிந்து சொல்ல வேண்டியது உங்கள் பிள்ளைகள். எனக்கு எழுதுங்கள்.

இத்தோடு விடமாட்டார்கள். "மழைக்காலத்துல புதுப் பானையிலயும் குளிர மாட்டேங்குதே டீச்சர்?" என்று யாராவது ஒரு பெண் கேட்பாள். அதற்கு இப்போதே தயாராக இருங்கள். ஒரு வெப்பநிலைமானியின் குமிழைச் சுற்றி ஈரத் துணியைக் கட்டி, பக்கத்திலேயே துணி கட்டாத இன்னொன்றையும் தொங்கவிட்டு விசிறுங்கள். ஈரத்துணி கட்டியது கீழே இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அன்றைக்கு அந்தக் காற்றில் ஆவியாதலால் அதற்குக் கீழே குளிரவைக்க முடியாது. பானையும் அந்தக் கோட்டைத் தாண்டாது. சித்திரை வெயிலில் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அந்தக் கோடு சுமார் 24 டிகிரியில் நிற்கும். பதினான்கு டிகிரி இடைவெளி! பானை தாராளமாகக் குளிரலாம். ஐப்பசி மழையில் 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் கோடு 26-க்கும் 27-க்கும் நடுவே. ஒன்றரை டிகிரிக்குள் பானை என்ன செய்யும், பாவம். வானிலைக்காரர்கள் ஈரப்பதத்தைக் கணக்கிட்டதும் இதே உலர்குமிழ், ஈரக்குமிழ் இரட்டையை வைத்துத்தான். வைகாசி ஆனியில் ஆரம்பிக்கிற இந்த வேலை ஐப்பசியில்தான் முடியும். முடியட்டும். பாடத்திட்டத்தில் ஒரு பாடத்துக்கு ஏழு பாடவேளை என்று போட்டிருந்தால் பானை அதற்குக் கட்டுப்படுமா?

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் அதைப் பல வருடம் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். அதற்கு இந்தப் பானைக் கணக்கை அனுப்பலாம். ஆனால் அதற்காகவே செய்யாதீர்கள். பரிசுக்குச் செய்தால் டீச்சரே எழுதி, டீச்சரே சார்ட் போட்டு, பிள்ளை மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பதில் போய் முடியும். நடுவராக உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

அடுத்து உயிரியல். முந்தின ராத்திரி படித்துக்கொண்டு போவது ஏமாற்று என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் வேதியியல்காரன், ஒளிச்சேர்க்கையை முப்பத்து மூன்று வருடமும் முந்தின ராத்திரி படித்துத்தான் நடத்தினேன். நேற்று ராத்திரி நாம் எங்கே தடுக்கி விழுந்தோமோ அங்கேதான் பிள்ளையும் விழுவான். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மாறாக, நான் கரைத்துக் குடித்திருந்த அணு அமைப்புப் பாடத்தில்தான் அதிகம் பேர் தோற்றார்கள். எனக்கு எல்லாம் சுலபமாக இருந்ததால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் ஓடிவிட்டேன். தெரிந்த மாதிரி நடித்தால்தான் ஏமாற்று. உயிரியலில் உங்களுக்கு உதவக்கூடியவர்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு அசைபோடும் வயிற்றைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும். கேட்டுப் பாருங்கள். (இனப்பெருக்கப் பாடத்தை மட்டும் "வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடாதீர்கள். நாங்கள் பலர் தாண்டினோம். அதற்கு ஒரு நியாயமும் இல்லை, வெட்கம்தான்.)

ஆய்வகம். பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் சோம்பல் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மைக் காரணம் இருப்புப் பதிவேடு. ஒரு பீக்கர் உடைந்தால் யார் தலையில் விழும் என்ற பயத்தில்தான் பாதி ஆய்வகங்கள் பூட்டியிருக்கின்றன. தலைமையாசிரியரிடம் பேசி ஒரு உடைவுப் பதிவேடு போட்டு, உடைந்த அன்றே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எழுதி வைத்த உடைவுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. எழுதாமல் மறைத்துச் சேர்ந்துபோனதுதான் தணிக்கையின்போது பேயாக வரும். பெயர்ச்சீட்டு அழிந்துபோன பாட்டில்களை மட்டும் தொடாதீர்கள், மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் வீரம் வேண்டாம். தனியாக ஒதுக்கி, மேலே எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

ஆய்வகத்தைத் திறக்க முடியாத வாரத்தில் ஒரு குவிலென்ஸை மட்டும் பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டு போங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் பக்கத்தில் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், வெளியே நிற்கும் வேப்பமரம் தலைகீழாக, நிறத்தோடு, கிளை ஆடுவதோடு சுவரில் வந்து விழும். செய்முறைத் தேர்வில் குவியத் தொலைவு கண்டுபிடித்து மார்க் வாங்குகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மரம் ஆடுவதை நின்று பார்த்திருக்கிறார்கள்? அளவுகோலைத்தான் பார்ப்பார்கள். குறை அவர்களுடையது இல்லை.

காசே செலவாகாத இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கம் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு கடைசி வாரத்திலும் ஒரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. ஏப்ரலில் பரீட்சை, ஆகஸ்டில் வெயில் இருந்தால் அதிர்ஷ்டம். எல்லாரும் 12 மணிக்கு வெளியே வந்து நிற்பார்கள், நிழல் இருக்கும். 12 மணி 17 நிமிடம் வாக்கில்தான் மறையும். "ஏன் டீச்சர் லேட்டு?" என்பார்கள். நம் கடிகாரம் கிழக்கே 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, உங்கள் ஊர் அதற்கு மேற்கே 4 டிகிரி தள்ளி இருக்கிறது, டிகிரிக்கு 4 நிமிடம். மிச்ச ஒரு நிமிடத்தை நீங்கள் தேடிக் கண்டுபிடியுங்கள். நீங்கள் இயற்பியல் படித்தவர். அதை ஞாபகப்படுத்தத்தான் சொல்கிறேன்.

எமிஸ், பட்டியல், சிறப்பு வகுப்பு, நூறு சதவீதத் தேர்ச்சி. இவற்றுக்கு என்னிடம் மருந்து இல்லை. "ஆர்வம் இருந்தால் நேரம் தானாக வரும்" என்று மேடையில் பேசுகிறவர்களிடம் ஒரு வாரம் உங்கள் கால அட்டவணையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுமை சுமைதான். ஆனால் யாரும் கேட்காமல் நாமே ஏற்றிக்கொள்வதும் கொஞ்சம் உண்டு. பாடக்குறிப்பை மூன்று வண்ண மையில் எழுதுவது, பார்வைக்கு வருகிறவருக்காகத் தெர்மோகோல் மாதிரி செய்வது, எல்லா நோட்டிலும் எல்லாப் பக்கத்திலும் டிக் போடுவது. அதில் எதையாவது ஒன்றை இந்த மாதம் விட்டுவிடுங்கள். வானம் இடிந்து விழாது. எனக்கு விழவில்லை. ஒரு முறை மட்டும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பதில் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதுங்கள். மேல்நிலைக்குப் போனால் இயற்பியல் மட்டும் எடுக்கலாம், உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அங்கேயும் ஒரு பையன் எழுந்து உங்களுக்குத் தெரியாததைக் கேட்பான். அங்கே கேட்பவன் பதினேழு வயது, மீசை முளைத்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வேறு துறைக்குப் போகிற யோசனையை ஐப்பசிக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்களேன். பானைக் கணக்கு முடியட்டும்.

உருப்படியான ஆசிரியையா என்று கேட்டிருந்தீர்கள். அதை நான் எப்படிச் சொல்வது? உங்கள் வகுப்பை நான் பார்த்ததில்லை. ஒரு கேள்வியை ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் சுமந்துகொண்டு, முகம் தெரியாத கிழவனுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்பது மட்டும் தெரியும். நான் அதே மாதிரிக் கேள்வியை மூன்று வருடம் அலமாரியில் பூட்டி வைத்திருந்தவன்.

பையனிடம் பேசிவிட்டு வாருங்கள். முதல் நாள் அவன் "பரவால்ல டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பானை கொண்டுவராமல் இருக்கலாம். நீங்களே ஒரு சாயங்காலம் தாத்தா வீட்டுக்குப் போய் வாங்குங்கள். மானாமதுரைப் பக்கம் என்றால் கச்சேரியில் வாசிக்கும் கடம் செய்கிற வீடும் பக்கத்தில் இருக்கும், அந்த மண்ணுக்கும் தண்ணீர்ப் பானை மண்ணுக்கும் பக்குவத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு வாருங்கள். அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பையன் பார்க்கும்படியாக. பானையை விரலால் தட்டிப் பார்த்து வாங்குங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, சத்தம் அமுங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது. விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.